பேஸை உடலால் உணர்தல்: அதிர்வுக் கருவிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவிழாப் பந்தலில் பெரிய ஒலிபெருக்கிக்கு அருகில் நின்றவர்களுக்கு, ‘பேஸ்’ எனப்படும் தாழ்ந்த ஒலி காதில் விழுவதோடு நெஞ்சிலும் வந்து மோதும் என்பது தெரியும். ஹெட்போனில் அந்த மோதல் கிடைப்பதில்லை. அதை ஈடுசெய்ய மார்பிலும் இடுப்பிலும் அணியும் பட்டைகள், சட்டைபோல் மாட்டிக்கொள்ளும் கருவிகள், நாற்காலியிலும் சோபாவிலும் பொருத்தும் அதிர்விகள் எனப் பலவும் விற்பனைக்கு வந்துள்ளன. இவற்றை வாங்க நினைப்பவர்களும், வாங்கிய பின் சரியாக அமைக்க முடியாமல் தவிப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறேன்.

இந்தக் கருவிகள் உண்மையில் என்ன செய்கின்றன?

பாடலில் உள்ள தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றைக் கொண்டு உடலைத் தொடும் ஒரு பரப்பை நேரடியாக அசைக்கின்றன. சாதாரண ஸ்பீக்கரில் கம்பிச்சுருளும் காந்தமும் சேர்ந்து ஒரு கூம்பை முன்னும் பின்னும் தள்ள, கூம்பு காற்றைத் தள்ளுகிறது. ‘பேஸ் ஷேக்கர்’ எனப்படும் அதிர்வியில் கூம்பு கிடையாது. கனமான காந்தம் ஸ்பிரிங்கில் தொங்கியபடி ஆட, அதன் எதிர்விசை கருவியின் உறை வழியாக நாற்காலிச் சட்டத்துக்கோ மார்புப் பட்டைக்கோ சென்று சேர்கிறது. ஆகவே அறை அமைதியாக இருக்க, அமர்ந்திருப்பவர் மட்டும் அடியை உணர முடிகிறது.

திரையரங்குகள் இதற்கு முன்பே வேறு வழியில் முயன்றன. 1974இல் யுனிவர்சல் நிறுவனம் ‘எர்த்குவேக்’ படத்துக்காக ‘சென்சரவுண்ட்’ என்ற ஏற்பாட்டைச் செய்து, மிகப் பெரிய தாழ்வொலிப் பெட்டிகளை அரங்கில் வைத்தே பார்வையாளர்களை அதிரச் செய்தது. அங்கே காற்றின் வழியாக வந்த அதிர்வு, இருக்கை அதிர்விகளில் மரத்தின் வழியாக வருகிறது; மிகக் குறைந்த மின்சாரமே இதற்குப் போதும்.

காதில் கேட்கும் பேஸ் போதாதா? உடலுக்கும் ஏன் தர வேண்டும்?

தாழ்ந்த ஒலிகளைக் கேட்பதில் நம் காது மந்தமானது. 1000 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 1000 அதிர்வு) 40 டெசிபல் அளவில் ஒலிக்கும் ஓர் ஒலிக்கு இணையான உரப்பை 40 ஹெர்ட்ஸில் உணர, ஒலியளவு 80 டெசிபலைத் தாண்ட வேண்டும். தோலின் நிலை வேறு. தோலுக்குள் இருக்கும் மைஸ்னர் ஏற்பிகள் என்ற தொடுவுணர்வு நரம்பு முனைகள் ஏறத்தாழ 10 முதல் 50 ஹெர்ட்ஸ் வரையிலான படபடப்பையும், ஆழத்தில் இருக்கும் பாசினியன் ஏற்பிகள் அதற்கு மேலே பல நூறு ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வையும் எடுத்துக்கொள்கின்றன. பாசினியன் ஏற்பிகள் மிகக் கூர்மையாக இயங்குவது 250 ஹெர்ட்ஸை ஒட்டி. ஆக, நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரமான 41 ஹெர்ட்ஸும், டிரம்ஸில் காலால் அடிக்கும் கிக் டிரம்மின் முழக்கமும் விழும் எல்லை, காது தடுமாறி உடல் விழித்திருக்கும் எல்லை.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2022இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே பொருந்தும். ‘ஆர்ஃபெக்ஸ்’ என்ற மின்னணு இசை இரட்டையரின் நேரடி நிகழ்ச்சியில், 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரையிலான மிகத் தாழ்ந்த ஒலியை எழுப்பும் சிறப்பு ஸ்பீக்கர்களை இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை இயக்கியும் நிறுத்தியும் வந்தார்கள். அவை இயங்கிய நேரங்களில் கூட்டத்தினர் 11.8 சதவீதம் அதிகமாக அசைந்தாடினர். ஆனால் அவை எப்போது இயங்கின என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. அந்த ஆய்வில் பயன்பட்டவை ஸ்பீக்கர்களே, அணியும் கருவிகள் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆயினும், நாம் அறியாமலேயே நம்மை ஆட வைக்கும் ஒரு பங்கு தாழ்வொலிக்கு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

தோலால் சுரத்தை உணர முடியுமா?

ஓரளவுக்கே முடியும். இரண்டு ஒலிகளின் அதிர்வெண் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக வேறுபட்டாலே காது கண்டுகொள்ளும். தோலுக்கு 20 முதல் 30 சதவீத வேறுபாடு தேவைப்படும். அடுத்தடுத்த இரண்டு சுரத்தானங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு 6 சதவீதம்தான் என்பதால், பேஸ் கிட்டார் ஒரு படி ஏறி இறங்குவது முதுகுக்கு ஒரே மாதிரியாகத்தான் தெரியும். உடல் நன்றாக உணர்வது அடி விழும் நேரத்தையும், அதன் கனத்தையும், அது எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்பதையும். கருவியை அமைக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பல ஏமாற்றங்களைத் தவிர்க்கலாம்.

அணியும் கருவி நல்லதா, இருக்கையில் பொருத்துவது நல்லதா?

ஒரே இடத்தில் அமர்ந்து கேட்பவர்களுக்கு இருக்கையே நல்லது என்பது என் கருத்து. நாற்காலியின் சட்டம் முழுவதும் அதிர்வதால் இடுப்பெலும்பு, முதுகெலும்பு என உடலின் பெரும்பகுதிக்கு அதிர்வு பரவுகிறது, எடை எதையும் சுமக்க வேண்டியதில்லை, வியர்க்காது. வூஜர் போன்ற நிறுவனங்களின் மார்புப் பட்டையோ சட்டையோ நடமாடுபவர்களுக்கும், ஆடிக்கொண்டே கேட்பவர்களுக்கும், மெய்நிகர் விளையாட்டுகளுக்கும் ஏற்றவை. அவை இறுக்கமாக உடலோடு ஒட்டியிருந்தால்தான் வேலை செய்யும். தளர்வாக அணிந்தால் பட்டை தோலின் மீது தட்டுமே தவிர அதிர்வு உள்ளே இறங்காது. மார்பெலும்பின் மீது வைத்தால் அதிர்வு விலாக்கூட்டுக்கு நன்றாகப் பரவுகிறது. வயிற்றின் மென்மையான பகுதி பெரும்பங்கை விழுங்கிவிடும். நம் ஊர் வெயிலில் தடித்த சட்டையை ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டிருப்பது எளிதன்று என்பதையும் வாங்கும் முன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கைப்பேசியில் இருக்கும் அதிர்வு மோட்டாரும் இதுவும் ஒன்றுதானா?

அல்ல. மலிவான கருவிகள் பலவற்றில் இருப்பது, அச்சில் ஒருபக்கமாக எடை மாட்டிய சிறு மோட்டார். அது வேகமாகச் சுழன்றால் அதிர்வெண்ணும் வலுவும் ஒன்றாக ஏறும். மெதுவாகச் சுழன்றால் இரண்டும் ஒன்றாக இறங்கும். மெல்லிய ஆனால் வேகமான அதிர்வையோ, வலுவான ஆனால் மெதுவான அதிர்வையோ அதனால் தரவே முடியாது. சுழலத் தொடங்கவும் நிற்கவும் நேரம் எடுப்பதால் தாள அடிகள் ஒன்றோடொன்று குழைந்துவிடும். பாடலின் அலைவடிவத்தை அப்படியே பின்பற்ற வேண்டுமானால் கம்பிச்சுருளும் காந்தமும் கொண்ட அதிர்வியே வேண்டும். விற்பவர் ‘அதிர்வு மோட்டார்’ என்று மட்டும் சொல்லி, எந்த அதிர்வெண் முதல் எந்த அதிர்வெண் வரை இயங்கும் என்ற விவரத்தைத் தரவில்லையென்றால், அந்தப் பொருளை விட்டுவிடலாம்.

ஆப்பிள் 2024இல் ஐஓஎஸ் 18உடன் அளித்த ‘மியூசிக் ஹாப்டிக்ஸ்’ வசதி வேறு வகை. அது கையில் பிடித்திருக்கும் ஐபோனில் பாடலுக்கேற்ற துடிப்புகளைத் தருகிறது. தாள நயத்தைக் காட்டுவதில் அது நேர்த்தியானதுதான். ஆனால் உள்ளங்கைக்குள் அடங்கும் கருவியிடம் 40 ஹெர்ட்ஸின் கனத்தை எதிர்பார்க்க இயலாது.

வடிப்பானை எத்தனை ஹெர்ட்ஸில் வைப்பது?

பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் மின்னணுத் தாளமும் நிறைந்த பாடல்களுக்கு, அதிர்விக்குப் போகும் அதிர்வெண்களை வரையறுக்கும் வடிப்பானின் மேல் எல்லையை 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்கலாம். அதைவிட ஏற்றினால் ஆண் குரலின் அடிப்பகுதியும் நாற்காலிக்குள் வந்துவிடும். பாடகர் பாடும்போதெல்லாம் இருக்கை முனகுவது விரைவில் எரிச்சலைத் தரும். கீழ் எல்லையை 20 ஹெர்ட்ஸில் வெட்டிவிடுவது நல்லது. இசையில் அதற்குக் கீழே பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. இருப்பது மைக் இரைச்சலும் இசைத்தட்டின் வளைவுமே. அவை அதிர்வியின் ஸ்பிரிங்கை வீணாக அலைக்கழிக்கும்.

கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இந்த 80 ஹெர்ட்ஸ் கணக்கு பொருந்தாது. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவைப் பசையை அப்பி, வலப்பக்கமான வலந்தலையைவிட ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே நிறுத்துகிறார்கள். ஒரு கட்டைச் சுருதிக்கு வலந்தலை 260 ஹெர்ட்ஸை ஒட்டி நின்றால், தொப்பியின் நாதம் 130 ஹெர்ட்ஸை ஒட்டி விழும். வடிப்பான் 80இல் இருந்தால் அது அதிர்விக்குப் போய்ச் சேரவே சேராது. எல்லையை 150 அல்லது 160க்கு ஏற்றி, அளவைப் பாதியாகக் குறைத்துக் கேட்டுப் பாருங்கள். கும்கி கொடுக்கும்போது தோலை அழுத்தி நாதத்தை மேலே இழுப்பதை முதுகால் சுரமாக அறிய முடியாவிட்டாலும், அந்த அடி சட்டென்று நிற்காமல் நீண்டு வளைவதை நன்றாகவே உணரலாம். தனி ஆவர்த்தனத்தை இப்படிக் கேட்பது தனி இன்பம். குரலும் கொஞ்சம் கசியும் என்பதால், பாட்டு தொடங்கியதும் எல்லையைத் திரும்ப இறக்கிக்கொள்வதே சரி.

நாற்காலியில் நானே பொருத்த முடியுமா? என்னென்ன தேவை?

முடியும், இந்தத் துறையில் செலவு குறைந்ததும் நிறைவு தருவதும் அதுவே. ஓர் அதிர்வி, ஒரு சிறிய ஆம்ப்ளிஃபையர், தாழ்வொலி வடிப்பான், கொஞ்சம் ஒயர் இருந்தால் போதும். டேட்டன் ஆடியோவின் ‘பக்’ வகைச் சிறு அதிர்விகளுக்கு 15 வாட்டை ஒட்டிய ஆற்றலும், அவ்ரா போன்ற பெரியவற்றுக்கு 50 வாட் வரையும் தேவைப்படும். பட்கிக்கர் நிறுவனத்தின் பெரிய கருவிகள் நூற்றுக்கணக்கான வாட் கேட்கும். அவை வரிசையாகப் போட்ட சோபாக்களுக்கு உரியவை, ஒற்றை நாற்காலிக்கு வேண்டாம். 24 வோல்ட் அடாப்டரில் ஓடும் ‘கிளாஸ் டி’ ஆம்ப் பலகைகள் சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைவீதிகளில் எளிதாகக் கிடைக்கும். 4 ஓம் அதிர்விகள் இரண்டை இணையாக இணைத்தால் 2 ஓம் ஆகிவிடும். சிறிய ஆம்ப்கள் பல அதைத் தாங்காமல் சூடேறி நின்றுவிடும். தொடராக இணைத்து 8 ஓம் ஆக்குவது பாதுகாப்பானது.

வேலையின் வெற்றி தோல்வி முழுவதும் பொருத்தும் விதத்தில் இருக்கிறது. பஞ்சின் மீதோ துணியின் மீதோ ஒட்டினால் அதிர்வு அங்கேயே செத்துவிடும். அலுவலக நாற்காலியாக இருந்தால், இருக்கைக்கு அடியில் உள்ள நான்கு போல்ட்டுகளைக் கழற்றி, இருக்கைக்கும் அடித்தகட்டுக்கும் இடையே 12 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்றைக் கொடுத்து, சற்று நீளமான போல்ட்டுகளால் அதையும் சேர்த்து முடுக்கி, பலகையின் நீட்டிய பகுதியில் அதிர்வியைத் திருகுங்கள். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஸ்பிரிங் வாஷர் போட வேண்டும். இல்லாவிட்டால் அதிர்விலேயே அவை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவரும். மர சோபாவாக இருந்தால் குறுக்குச்சட்டத்தில் நேரடியாகத் திருகலாம். ஒயரைத் தளர்வாக விட்டு, நாற்காலி சுழலும்போது இழுபடாத இடத்தில் கட்டிவிடுங்கள்.

பொருத்தி முடித்ததும் கைப்பேசியில் ஒலியெழுப்பும் செயலி ஒன்றைக் கொண்டு 20இலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். ஓரிடத்தில், பெரும்பாலும் 40 ஹெர்ட்ஸை ஒட்டி, நாற்காலி திடீரென்று பொங்கும். அது அதிர்வியின் இயல்பான ஒத்ததிர்வு. ஈக்வலைசரில் (அதிர்வெண் வாரியாக அளவை ஏற்றி இறக்கும் அமைப்பில்) அந்த இடத்தை மட்டும் 4 முதல் 6 டெசிபல் வரை இறக்கினால், எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி உறுமுவது நிற்கும். பேஸ் ஷேக்கரை வாங்கிய சில நாளிலேயே மூலையில் போட்டவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரு வேலையைச் செய்யாதவர்கள் என்றே நினைக்கிறேன். அதே சோதனையில் எங்காவது ‘கிர்’ என்ற சத்தம் வந்தால், கையால் ஒவ்வொரு பாகமாக அழுத்திப் பிடித்துத் தளர்ந்திருக்கும் பாகத்தைக் கண்டுபிடித்து முடுக்குங்கள்.

ஹோம் தியேட்டர் ரிசீவரில் இணைத்தேன். படம் பார்க்கும்போது அதிர்கிறது, பாட்டுக்கு அதிரவில்லை. ஏன்?

படங்களில் தாழ்வொலிக்கென்று தனித் தடம் உண்டு. இரண்டு தட ஸ்டீரியோ பாடலில் அது கிடையாது. முன் ஸ்பீக்கர்களை ‘லார்ஜ்’ என்று அமைத்திருந்தால், பாடலின் பேஸ் முழுவதும் அவற்றுக்கே போய்விடும். சப்வூஃபரை (தாழ்வொலிப் பெட்டியை) இணைக்கும் வாயிலுக்கு எதுவும் வராது. ஸ்பீக்கர்களை ‘ஸ்மால்’ என மாற்றி, பிரிப்பெல்லையை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். பேஸ் சப்வூஃபர் வாயிலுக்கு வரும், அங்கிருந்து அதிர்விக்குப் போகும்.

ப்ளூடூத்தில் கேட்டால் சரியாக வருமா?

சாதாரண ப்ளூடூத் இணைப்பில் ஒலி ஏறத்தாழ 150 முதல் 250 மில்லிநொடி வரை தாமதித்து வரும். ஹெட்போனும் அதிர்வியும் ஒரே கருவியிலிருந்து பிரிந்து போனால் இரண்டும் ஒன்றாகவே தாமதிக்கும். பாட்டுக் கேட்பதற்கு அதனால் குறையில்லை. ஒன்று ஒயரிலும் மற்றொன்று ப்ளூடூத்திலும் இருந்தால்தான் தொல்லை. அதிர்வி ப்ளூடூத்தில் இருந்தால் அடி காதில் விழுந்த பின்பு முதுகில் விழும். வேகமான தாளத்தில் அது அடுத்த அடியோடு மோதும். ஸ்பீக்கரில் கேட்பவர்களுக்குச் சிறிய அளவில் இதன் மறுபக்கம் நேரும். மூன்று மீட்டர் தொலைவில் உள்ள ஸ்பீக்கரின் ஒலி நம்மை வந்தடைய 9 மில்லிநொடி ஆகும். நாற்காலிக்கு அந்தப் பயணம் இல்லாததால் அதிர்வு முந்திக்கொள்ளும். ரிசீவரில் தாமத அமைப்பு இருந்தால் இதைச் சரிசெய்யலாம். இல்லாவிட்டாலும் இவ்வளவு சிறிய வேறுபாட்டைப் பலரும் உணர்வதில்லை.

எவ்வளவு வலுவாக வைப்பது?

அதிர்வு தனியே தெரியாமல், ஹெட்போனே ஆழமாக ஒலிப்பதுபோல் தோன்றும் அளவே சரியான அளவு. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: நன்கு பழகிய பாடல் ஒன்றைப் போட்டு, அதிர்வைச் சுழியத்திலிருந்து மெல்ல ஏற்றி, ‘நாற்காலி ஆடுகிறது’ என்ற எண்ணம் வந்தவுடன் சற்று இறக்குங்கள். பிறகு சட்டென்று அணைத்துப் பாருங்கள். பாட்டு மெலிந்துபோனதாகத் தோன்றினால் அளவு சரி.

தோல் விரைவில் பழகிவிடும் உறுப்பு என்பதையும் அறிந்திருக்க வேண்டும். தொடர்ந்து அதிர்வைப் பெறும் இடம் சில நிமிடங்களிலேயே கூர்மை குன்றும். அளவு குறைந்துவிட்டதுபோல் தோன்றும். கை தானாகவே திருகைக் கூட்டும். அப்போது கூட்டாமல் ஐந்து நிமிடம் அணைத்து வைத்தால் உணர்வு திரும்பிவிடும்.

இது காதுகளைப் பாதுகாக்குமா?

பயன்படுத்துபவர் கையில் இருக்கிறது. ஹெட்போனில் ஒலியைக் கூட்டுபவர்கள் பலர் பேஸ் போதவில்லை என்றுதான் கூட்டுகிறார்கள். கூட்டும்போது கூர்மையான ஒலிகளும் சேர்ந்து ஏறிக் காதைத் தாக்குகின்றன. பேஸின் கனத்தை உடல் ஏற்றுக்கொண்டால் ஒலியளவைக் குறைத்தும் நிறைவாகக் கேட்க முடியும். உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவர்களுக்கு 80 டெசிபலை எல்லையாகச் சொல்கிறது. 90 டெசிபலில் கேட்டால் அந்த 40 மணி நேரம் 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். ஆகவே அதிர்வியை இயக்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை ஹெட்போன் ஒலியைக் குறைப்பது. பழைய அளவிலேயே வைத்துக்கொண்டு அதிர்வையும் சேர்த்தால் காதுக்கு எந்த நன்மையும் இல்லை.

கீழ்வீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்குமா?

சப்வூஃபரைவிட மிகக் குறைவாகவே கேட்கும். ஆனால் நாற்காலிக் கால்கள் வழியாகத் தரைக்கு அதிர்வு இறங்கக்கூடும். கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் துண்டுகளை வைத்தால் பெரும்பகுதி நின்றுவிடும். நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்குக் கிடைக்கும் அதிர்வும் கூடும்.

காது கேளாதவர்களுக்கு இது பயன்படுமா?

பயன்படும்; இந்தக் கருவிகளின் மிக முக்கியமான பயன் இதுவே என்று நான் கருதுகிறேன். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாளக் கலைஞர் எவலின் கிளெனி 12 வயதளவில் செவித்திறனைப் பெருமளவு இழந்தவர். மேடையில் வெறுங்காலோடு நின்று, தரையின் வழியாகவும் உடலின் வெவ்வேறு பகுதிகள் வழியாகவும் அதிர்வைப் பெற்று வாசிக்கிறார். கேட்பது என்பதே தொடுகையின் ஒரு நுண்ணிய வடிவம் என்று அவர் பலகாலமாக விளக்கி வருகிறார்.

கருவிகளை வடிவமைப்பவர்களில் சிலர் இதை மனத்தில் கொண்டு, பேஸோடு நின்றுவிடாமல் இசை முழுவதையும் உடலில் பரப்ப முயன்றிருக்கிறார்கள். டொரன்டோவின் அப்போதைய ரையர்சன் பல்கலைக்கழகத்தில் உருவான ‘எமோட்டி சேர்’ உள்காதின் நத்தைச்சுருளை முன்மாதிரியாகக் கொண்டது. ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் முதுகின் வெவ்வேறு இடத்துக்கு அனுப்பியது. தோலால் சுரங்களைப் பிரித்தறிய முடியாது என்ற குறையை இடவேறுபாட்டால் ஈடுசெய்யும் வழி இது. 2018இல் லாஸ் வேகாஸில் ‘மியூசிக்: நாட் இம்பாசிபிள்’ திட்டத்தினர் நடத்திய கச்சேரியில், காது கேளாதவர்களும் கேட்பவர்களும் உடல், மணிக்கட்டு, கணுக்கால் எனப் பல இடங்களில் அதிரும் உடையை அணிந்து ஒன்றாகக் கலந்துகொண்டார்கள்.

இவற்றால் பாடலின் சொற்களையோ இராகத்தையோ தர முடியாது. காது கேளாத ஒருவருக்கு வாங்கித் தருபவர்கள் அவரையே உடன் வைத்துக்கொண்டு அமைக்க வேண்டும். கேட்பவருக்கு அளவாகத் தோன்றும் அதிர்வு, அதையே முழு இசையாகக் கொள்பவருக்குப் போதாமல் இருக்கும். வடிப்பானின் மேல் எல்லையையும் அவருக்காக 250 ஹெர்ட்ஸ் வரை ஏற்ற வேண்டியிருக்கும்.

மேடைக் கலைஞர்கள் ஏன் இதைப் பயன்படுத்துகிறார்கள்?

காதுக்குள் செருகும் மானிட்டர்கள் (கலைஞர் மேடையில் இசையைக் கேட்க உதவும் சிறு ஒலிக்கருவிகள்) வந்த பிறகு மேடையின் சத்தம் குறைந்தது. அதோடு தன் டிரம்மின் அடி தன் உடலில் விழும் உணர்வும் போயிற்று. அதற்காக டிரம்ஸ் கலைஞரின் இருக்கைக்குள் அதிர்வி வைக்கிறார்கள். இங்கிலாந்தின் போர்ட்டர் அண்ட் டேவிஸ் நிறுவனம் இத்தகைய இருக்கைகளையே தயாரிக்கிறது.

யாரெல்லாம் தவிர்க்க வேண்டும்?

இந்த அதிர்விகளில் வலுவான காந்தம் இருப்பதால், இதயத்தில் பேஸ்மேக்கரோ டிஃபிப்ரிலேட்டரோ பொருத்தியவர்கள் மார்புப் பட்டையையும் சட்டையையும் அணியக்கூடாது. நாற்காலி அதிர்வியைப் பற்றியும் மருத்துவரைக் கேட்க வேண்டும். காக்ளியர் இம்பிளான்ட் (உள்காதில் பொருத்தும் செவிக்கருவி) பொருத்தியவர்கள் தலைக்கு அருகில் அதிர்வியை வைக்கக்கூடாது. கர்ப்பிணிகள், அண்மையில் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள், முதுகெலும்புத் தட்டு விலகியவர்கள், இரத்தக்கட்டி உள்ளவர்கள், விழித்திரை பிரிந்தவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதலின்றித் தொடங்க வேண்டாம்.

மற்றவர்களுக்கு ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், தொழிலாளர்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் வகுத்த விதி உதவும். முழு உடல் அதிர்வு எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாக நொடிவர்க்கத்துக்கு 0.5 மீட்டரை எட்டினாலே முதலாளி தடுப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15 மீட்டரைத் தாண்டவே கூடாது. டிராக்டரும் மண்வெட்டும் இயந்திரமும் ஓட்டுபவர்களை எண்ணி எழுதப்பட்ட விதி இது. முதுகெலும்பை மிகவும் வருத்துவது 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வு. கீழ் எல்லையை 20 ஹெர்ட்ஸில் வெட்டிய இசை நாற்காலியில் அது இருக்காது. கேட்டு முடித்து எழுந்த பிறகும் மரத்துப்போன உணர்வோ, குமட்டலோ, இடுப்பு வலியோ நீடித்தால், அடுத்த முறை அளவைப் பாதியாக்குங்கள்; அப்போதும் தொடர்ந்தால் கருவியைக் கழற்றிவிடுங்கள்.